ஐயத்தின் கூலியை யார் கொடுப்பது?

ஆவணித் திருவிழாக் காலத்தில் மருதமடுத் திருப்பதியை நோக்கிச் செல்லும் வாகனங்களின் முகப்புக் கண்ணாடியை உற்றுநோக்குபவர் இருவகைக் காப்பினை ஒருங்கே காண்பர். ஒன்று மடுமாதாவின் திருவுருவப் படம். மற்றையது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம். காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாதவருக்கு அப்பத்திரம் வழங்கப்படுவதில்லை. ஆகவே வாகனச் சொந்தக்காரர் ஏதோவொரு காப்புறுதி நிதிக்குத் தமது பங்கைச் செலுத்தியுள்ளார் என்பதற்கும் அச்சிறு தாளே சாட்சியாகின்றது. மடுவின் மண்ணை எடுத்துச்சென்று வீட்டில் வைத்தால் பாம்பு தீண்டாது என்னும் நம்பிக்கை தமிழ், சிங்கள யாத்திரிகர் இருசாராரிடமும் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அம்மண்ணைப் பெறுவதற்கு எவரும் தமது நேர்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. காப்புறுதியோ அத்தகையதன்று. கேட்பவர் மெய்யர்தாமா என்று விசாரித்த பின்னரே அது கைகொடுக்கும். விசாரிப்பதற்கும் செலவுண்டு. அச்செலவை ஈற்றில் ஏற்பவர் எவர், அதனை ஏற்பதால் அவருக்கு உரித்தாவது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியை இலங்கையில் கட்டாயமாக்கிற்று. 1960களில் காப்புறுதித் தொழில் அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. 1980களின் இறுதியில் தனியார் கொம்பனிகள் மீண்டும் அத்துறைக்குள் வந்தன. பெயர்ப்பலகைகள் மாறினவே அன்றி அமைப்பின் அடிப்படை மாறவில்லை. பலர் சிறுசிறு தொகை கொடுப்பர்; இழப்புக்குள்ளான சிலர் பெருந்தொகை பெறுவர். மன்னார்க் கிராமங்களில் பெண்கள் பிடிக்கும் சீட்டும் பலர் பணத்தை ஒருவர் கையில் சேர்ப்பதே. ஆயின் சீட்டில் ஏமாற்றுபவரைக் கண்டறிய எவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுவதில்லை. முதலிலேயே சீட்டை எடுத்துக்கொண்டு பின்பு கட்டாது விடுபவள் மறுநாட் காலை அதே கிணற்றடிக்குத்தான் வரவேண்டும். அவளுடைய பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்திற்குத்தான் செல்ல வேண்டும். முகங்கள் அங்கே காவல் செய்கின்றன. காப்புறுதி நிதிக்கோ முகமில்லை. பேசாலையில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கட்டணம் செலுத்தும் ஒருவர், தமது பணம் கொழும்பில் எவருடைய காரைத் திருத்தியது என்பதை அறியார். கார்ச் சொந்தக்காரரும் அவரை அறியார்.

இம்முகமின்மையே ஏமாற்றுக்கும் வாய்ப்பாகின்றது, அதற்கான சாக்குப்போக்கும் ஆகின்றது. பழைய நெளிவைப் புதிய விபத்தில் சேர்த்துக் கூறுவதும், அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டிய வண்டியை அண்ணன் ஓட்டினார் என்பதும், விற்று முடித்த வாகனத்தைக் களவு போயிற்று என்று முறையிடுவதும் உலகெங்கும் அறியப்பட்ட சூழ்ச்சிகளே. அயலவர் வீட்டுக் கோழியைத் தொடவும் கூசுகின்ற மனிதர் இவற்றுட் சிலவற்றைக் கூச்சமின்றிச் செய்வர். "கொம்பனியின் பணந்தானே" என்பது அவர்தம் வாதம். கொம்பனிக்கென்று தனியே விளைந்த பணம் எதுவுமில்லை. அது பலர் கட்டியதன் தொகை. பொய்க் கோரிக்கைக்குக் கொடுபட்ட தொகை அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஏற்றப்பட்டு எல்லோருடைய தலையிலும் வந்து விழுகின்றது. திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் செயலை மட்டுமன்றி எண்ணத்தையும் களவென்று கொள்வது. திருடப்பட்டவர் யாரென்று தெரியாமையால் திருட்டு இல்லையாகிவிடும் என்ற விலக்கு அதில் எங்குமில்லை.

ஆகவே ஐயுறுவதற்கென்று ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு வெளிப்படையான விடையுண்டு. காப்புறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆண்டொன்றுக்கு ஒரு டொலருக்கு மேற்படாத தொகையொன்று, வாகனக் காப்புறுதி மோசடிகளைப் புலனாய்வதற்கென்றே அங்கு சட்டத்தால் அறவிடப்படுகின்றது. அதில் ஒரு பங்கு மாநிலக் காப்புறுதித் திணைக்களத்துக்கும், மற்றொரு பங்கு மாவட்ட வழக்குத்தொடுநர்களுக்கும் செல்கின்றது. மிச்சிகன் மாநிலமும் 1986 இல் வாகனத் திருட்டைத் தடுப்பதற்கென ஓர் அதிகாரசபையை நிறுவி, வாகனமொன்றுக்கு ஒரு டொலர் என்ற வீதத்திலேயே அதற்கு நிதி திரட்டியது. இலண்டனின் வணிக மையத்துக்குரிய பொலிஸ் படையில் 2012 ஜனவரியில் காப்புறுதி மோசடிக்கென ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டபோது, அதன் செலவைக் காப்புறுதிக் கொம்பனிகள் ஏற்றன. கொம்பனிகள் ஏற்றன என்பதன் பொருள், கட்டணம் கட்டுவோர் ஏற்றனர் என்பதே.

இப்பணம் வீணாகின்றது என்று கூறிவிட முடியாது. 2024 ஜனவரியில் கலிபோர்னியாவின் மலைப்பகுதி ஒன்றில் நின்ற றோல்ஸ் றொய்ஸ் காரினுள் கரடி புகுந்து இருக்கைகளைக் கிழித்துவிட்டதாகக் கோரிக்கையொன்று வந்தது; சான்றாக ஒளிப்பதிவும் தரப்பட்டது. அதே நாளில், அதே இடத்தில், வேறு இரு கார்களுக்கும் கரடியால் சேதம் நேர்ந்ததாக மேலுமிரு கொம்பனிகளிடம் கோரப்பட்டிருந்தது. திணைக்களத்தார் உயிரியலாளர் ஒருவரிடம் அப்பதிவைக் காட்ட, அது கரடித் தோலுடை அணிந்த மனிதனே என்று அவர் கூறிவிட்டார். உடுப்பும் பின்னர் ஒரு வீட்டிலிருந்து கைப்பற்றப்பட்டது. கோரப்பட்டிருந்த தொகை ஒரு இலட்சத்து நாற்பத்தோராயிரம் டொலருக்கு மேல். கூத்துக் கலைஞர் எவராயினும் இதனினும் நன்றாகக் கரடி வேடம் கட்டியிருப்பர் என்பது வேறு விடயம்.

இலங்கையில் இச்செலவு தனி வரியாக எழுதப்படுவதில்லை. விபத்து நடந்த இடத்துக்கு வரும் மதிப்பீட்டாளருக்கான கொடுப்பனவு காப்புறுதிக் கட்டணத்தினுள்ளேயே கரைந்துள்ளது. வாகனக் களவை விசாரிக்கும் பொலிஸாரின் சம்பளம் பொது வரியிலிருந்து வருகின்றது. எழுதப்படாமையால் எவரும் அதனைப் பற்றி வினவுவதுமில்லை.

நேர்மையாளன் எதற்காகக் கள்வனின் பொருட்டுச் செலவு செய்ய வேண்டும் என்பது இயல்பாக எழும் ஆட்சேபம். பூட்டை வாங்குபவர் வீட்டுக்காரரே, கள்வரல்லர் என்று இதற்கு விடையிறுப்பர். அவ்விடை ஓரளவே பொருந்தும். பூட்டு வீட்டுக்காரரை வாசலில் மறித்து, "நீ யார், எங்கிருந்து வருகின்றாய்?" என்று கேட்பதில்லை. காப்புறுதிப் புலனாய்வாளர் கேட்கின்றார். தம்முடைய பணத்தில் அமர்த்தப்பட்டவராலேயே ஒருவர் ஐயுறப்படுகின்றார் என்பதுதான் இவ்வேற்பாட்டின் தனித்தன்மை. எல்லா வாகனத்துக்கும் ஒரே தொகை என்பதிலும் நீதி முழுமையாக இல்லை. மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவருடைய மோட்டார்ச் சைக்கிள் களவு போனால் அவருக்கு ஒரு சதமும் கிடையாது. அவரும் றோல்ஸ் றொய்ஸ் உரிமையாளரும் ஒரே டொலரைக் கொடுப்பது கணக்குக்கு எளிது, அவ்வளவே. எனினும் தொகை சிறிது. அதனைப் பற்றி நெடிது வாதிட வேண்டியதில்லை. வாதிட வேண்டியது வேறொன்று. கூலி எல்லோரிடமிருந்தும் வருகின்றதெனின், கூலி பெறுபவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

தெற்கிலிருந்து மடுவுக்கு வரும் யாத்திரிகர் பலர் அநுராதபுரத்தைக் கடந்து, மதவாச்சி வழியாகவே வருவர். வாகன விபத்துக்கு இழப்பீடு கொடுத்த மன்னன் ஒருவன் அந்நகரில் ஆண்டிருக்கின்றான். எல்லாளனின் மகன் தேரோட்டிப் பசுக்கன்றைக் கொன்ற கதை பலரும் அறிந்தது. மகாவமிசம் அதனையடுத்துக் கூறும் மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிக்குகளை அழைப்பதற்காக அவன் சேதிய மலைக்குச் சென்றபோது, அவனுடைய தேரின் நுகத்தடி தூபியொன்றில் மோதிற்று. அரசன் இறங்கித் தெருவிற் கிடந்து, தன் தலையையும் சில்லால் அறுக்குமாறு கூறினான். அமைச்சர்கள் அதனைத் தடுத்து, தூபியைத் திருத்தினாற் போதும் என்றனர். பெயர்ந்தவை பதினைந்து கற்கள். அவன் செலவிட்டதோ பதினையாயிரம் கஹாபணம். மதிப்பீட்டாளர் ஒருவர் அங்கு இருந்திருந்தால் கல்லொன்றுக்கு ஆயிரமா என்று கேட்டிருப்பார். அக்கேள்வி தவறானதுமன்று, அப்பணம் குடிகளின் இறையாதலால். எனினும் எல்லாளன் தன் மகன் வழக்கிலும் தன் வழக்கிலும் ஒரே அளவுகோலைக் கையாண்டான் என்பதை அவனுடைய பகைவர் மரபில் வந்த நூலே ஒப்புக்கொள்கின்றது. சோழநாட்டிலிருந்து வந்தவனைப் பற்றிய அப்பதிவு, அவன் தன் தவற்றைத் தானே ஒப்புக்கொண்டான் என்பதாலேயே நிலைத்தது எனலாம்.

இதற்கு மறுதலையான வழக்கு மதுரையில் நடந்தது. சிலப்பதிகாரத்தில் அரண்மனைச் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வனென்று காட்டிக்கொடுக்கின்றான். பாண்டியனிடம் காவலருக்குக் குறைவில்லை, அவர்களுக்குக் கொடுக்கப் பொருளுக்கும் குறைவில்லை. சிலம்பொன்று காணாமற் போயிற்று, சிலம்பொன்று அகப்பட்டது. விசாரணை அத்துடன் முடிந்தது. அகப்பட்ட சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று பார்த்ததே அவ்வழக்கின் முதற் புலனாய்வு. அதனைச் செய்வித்தவள் அரச ஊழியை அல்லள், கணவனை இழந்தவள். அரசன் அமர்த்தியவர்கள் அரசனின் இழப்பை மட்டுமே தேடினர். கோவலன் சார்பில் தேடுவதற்கு எவருக்கும் கட்டளையில்லை. புலனாய்வு என்பது கள்வனைப் பிடிப்பதற்கு மட்டும் உரியது என்று கொள்ளும் எவ்வமைப்பும் இத்தவற்றையே மீளச் செய்யக்கூடும்.

பேசாலையில் மீன் ஏற்றி வவுனியாவுக்குச் செல்லும் சிறு லொறிச் சொந்தக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். லொறிக்கு முழுமைக் காப்புறுதி உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுந்தவர், விடியுமுன் மடுச் சந்திக்கு அப்பால் ஒரு கணம் கண்ணயர்ந்து, தெருவோரப் பாலை மரத்தில் மோதிவிடுகின்றார். கண்ணயர்தல் கவனக்குறைவே, இத்தகைய காப்புறுதி பொதுவாகக் கவனக்குறைவால் நேரும் விபத்தையும் உள்ளடக்கும். அதனை அவர் அறியார். ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துக்களை அவருக்கு எவரும் வாசித்துக் காட்டியதில்லை. நித்திரை என்றால் பணம் கிடையாது என்றஞ்சி, "யானை குறுக்கே வந்தது" என்று கூறிவிடுகின்றார். அது காடடர்ந்த வழி, கூற்றில் வியப்பில்லை. புலனாய்வாளர் வந்து பார்க்கின்றார். யானைத் தடம் இல்லை, இலத்தி இல்லை, முறிந்த கிளை இல்லை. அவர் எழுதும் அறிக்கையில் "கோரிக்கையாளர் பொய் கூறியுள்ளார்" என்ற வரி இடம்பெறுகின்றது. அவ்வரி உண்மை. ஆயின் விபத்தும் உண்மை; லொறியின் சேதமும் உண்மை; அவர் கட்டிய கட்டணமும் உண்மை.

இதனையொத்த வினா 2016 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கப்பலொன்றின் இயந்திர அறையுள் நீர் புகுந்து சேதம் விளைந்தது. இழப்பு மெய்யானது, காப்புறுதிக்கு உட்பட்டதுமாகும். ஆயினும் கோரிக்கையை விரைவுபடுத்தும் எண்ணத்தில் எச்சரிக்கை மணி பற்றி ஒரு பொய் சொல்லப்பட்டிருந்தது. அப்பொய் கோரிக்கையின் தகுதியைச் சிறிதும் மாற்றாததாகையால், அதனைக் காரணங்காட்டி இழப்பீட்டை மறுத்தலாகாது என நீதிபதிகள் ஐவருள் நால்வர் தீர்த்தனர். அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. அதனை வரவேற்கத் தயங்குவோரின் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று: பொய்க்குத் தண்டம் இல்லையெனின், எல்லோரும் ஒரு பொய்யைச் சேர்த்துவைத்துப் பார்ப்பரே! ஆயின் பொய்யிலும் வகையுண்டு. இல்லாத இழப்பை உண்டாக்கும் பொய் வேறு. உள்ள இழப்பை நம்பமாட்டார்களே என்ற அச்சத்தில் பிறக்கும் பொய் வேறு. முன்னையது களவு. பின்னையதும் குற்றமே; எனினும் அதனை விளைவித்த நிலத்தில் ஐயுறுபவரின் ஏரும் ஒருமுறை ஓடியிருக்கின்றது.

1766 இல் கார்ட்டர் எதிர் போம் என்னும் வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு காப்புறுதி ஒப்பந்தம் நன்னம்பிக்கையில் தங்கியுள்ளது எனக் கூறியபோது, அக்கடமை இருதரப்பினரையும் சாரும் என்றே கூறினார். சுமாத்திராவிலிருந்த கோட்டையொன்றின் காப்புறுதி பற்றிய அவ்வழக்கில் வெற்றி பெற்றவரும் காப்புறுதி எடுத்தவரே. பின்னாளிலோ அக்கோட்பாடு பெரும்பாலும் ஒருதிசைத் தெருவாயிற்று. பொய் சொல்லாதே என்று கட்டணம் கட்டுபவருக்கு உரைக்கப்பட்ட அளவுக்கு, மெய்யைத் தேடிக் கண்டுபிடி என்று மறுதரப்புக்கு உரைக்கப்படவில்லை. லொறிக்காரரின் வழக்கில் புலனாய்வாளர் கொம்பனிக்கு மட்டும் கடமைப்பட்டவராயின் "யானை வரவில்லை" என்பதோடு அவர் பணி முடிந்தது. கட்டணம் கட்டிய எல்லோருக்கும், அவருள் ஒருவரான லொறிக்காரருக்கும் கடமைப்பட்டவராயின் மற்றுமொரு வரியை அவர் எழுதியே ஆகவேண்டும்: விபத்து நடந்தது, சேதம் புதியது, ஒப்பந்தம் அதனை உள்ளடக்குகின்றது. அவ்விரண்டாம் வரிக்கும் சேர்த்தே கூலி கொடுக்கப்பட்டுள்ளது.

மன்னார் மாவட்டத்தில் இது வெறும் தருக்கமன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரவர் வீடுவாசலை விட்டு மடுவின் மரங்களின் கீழே தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். உடைமைகளை விட்டுவிட்டே அவர்கள் சென்றனர். 1999 நவம்பரில் மடு ஆலய வளவிலேயே எறிகணை வீழ்ந்து அடைக்கலம் புகுந்தோர் மாண்டனர். 2008 ஏப்பிரலில் மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. இவ்வாறு ஓடியவர்களுள் எத்தனை பேர் காணி உறுதியையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் கையிலெடுத்துக்கொண்டு ஓடியிருப்பர்? போரால் விளைந்த சேதத்தை வழமையான காப்புறுதி ஏற்பதில்லை. கலகம், பயங்கரவாதம் என்பவற்றுக்கென 1987 இல் அரசு ஒரு தனி நிதியை அமைத்தது. வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர்கள் அப்பொறுப்பிலிருந்து விலகியமையே அதற்குக் காரணம். கல்லெறியாதவரும் தீவைக்காதவரும் அந்நிதிக்குக் கட்டணம் கட்டினர். அதனை எவரும் அநீதி என்று கொள்ளவில்லை.

பத்திரத்தை இழந்தவர், பத்திரமே இல்லாத பொய்யர் ஆகிய இருவரும் கோவையில் ஒரே தோற்றத்தினர். இருவருக்குமுள்ள வேறுபாடு கொழும்பு மேசையிலிருந்து புலப்படாது. ஊருக்குச் சென்று அயலவரையும் சங்கக்கடை முகாமையாளரையும் பங்குத்தந்தையையும் கேட்டால் மட்டுமே புலப்படும். அவ்வாறு சென்று கேட்பதற்குப் பணமும் நாளும் வேண்டும். ஐயத்துக்குச் செலவிடாது கட்டணத்தைக் குறைப்போம் என்பவரின் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கின்றது. செலவு குறைந்தால் ஐயம் குறைவதில்லை, விசாரணையே குறைகின்றது. விசாரியாத ஐயத்தின் சுமை பத்திரமுள்ள செல்வரைக் காட்டிலும் பத்திரமற்ற எளியவர் மீதே விழும். கரடியுடுப்பு அணிந்தவனைக் கண்டுகொண்ட அதே கண், மெய்யாகவே யானை வந்த வழியில் சென்று அதன் தடத்தையும் காணவேண்டும். தடம் இருந்தால் இருந்தது என்று எழுதவேண்டும்.

கூலி கொடுப்பவர் கொம்பனியாயின் கொம்பனிக்கு எதிராக எழுதுவது எவ்வாறு என்று கேட்கலாம். அது இயலாததன்று. இலங்கையில் 2005 இல் ஏற்படுத்தப்பட்ட காப்புறுதிக் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் கொம்பனிகளின் பணத்திலேயே இயங்குகின்றது. முறையிடுபவர் கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. தீர்ப்பு கொம்பனிக்கு எதிராகவும் அமையலாம். ஆயின் அவ்வலுவலகம் இருப்பது கொழும்பில். முறையிடுவதற்கு முன் எதற்காக மறுக்கப்பட்டது என்பதைத் தெரிந்திருக்கவும் வேண்டும். லொறிக்காரருக்கு வரும் கடிதத்தில் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்ற ஒரு வரி மட்டும் இருக்குமாயின், அவர் எதனை எடுத்துக்கொண்டு அங்கு செல்வது? தமது பணத்தில் எழுதப்பட்ட அறிக்கையின் படியொன்றை, தமது மொழியில், அவர் கேட்கலாம். அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தை எண்ணி வைத்துக்கொண்டு கருமபீடத்தின் முன் நிற்கும் வேளையே அதனைக் கேட்பதற்கு அவருக்கு வாய்ப்பானது.